பண்ணையாளரும் பக்தைப் பெண்ணும்: இம்பீரியல் பள்ளத்தாக்கிலிருந்து பம்பாய் வரை

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கிப் பழகியவர்களுக்கு அமெரிக்க 'வெஸ்டர்ன்' காதல் நாவல்கள் புதியவையல்ல. அவற்றின் கதைச்சட்டகம் பெரும்பாலும் ஒன்றுதான். சமயக் கட்டுப்பாட்டில் வளர்ந்து வெளியுலகம் அறியாத ஒரு பெண் மேற்கு நோக்கி வருகிறாள். அங்கே பரந்த நிலமும் மந்தையும் உடைய, அதிகம் பேசாத ஒரு பண்ணையாளன் இருக்கிறான். இருவருக்கும் இடையில் நிற்பது அவளுடைய நம்பிக்கை. இறுதியில் அவள் மனம் இளகுகிறது. அவன் வீடு அவளுக்குப் புகலிடமாகிறது. 1902இல் வெளிவந்த ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' கிழக்கிலிருந்து வரும் பள்ளி ஆசிரியையையும் வயோமிங் மாட்டுப் பண்ணை வீரனையும் இணைத்தது. 1912இல் ஜேன் கிரே எழுதிய 'ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' நாவலில் மோர்மன் சமயப் பெண்ணொருத்தியே பண்ணையின் உரிமையாளராக வருகிறாள். அவளுடைய சபையே அவளுக்கு எதிரியாகிறது. பின்னர் வந்த நூற்றுக்கணக்கான நாவல்கள் இவ்விரண்டு அச்சுகளிலிருந்து வார்க்கப்பட்டவை.

தமிழருக்கும் இவ்வுலகம் அந்நியமன்று. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய படங்கள் 1972இல் வந்தன. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் டெக்ஸ் வில்லரைத் தமிழ் பேச வைத்தது. ஆனால் குதிரையும் துப்பாக்கியும் நமக்கு வந்து சேர்ந்த அளவுக்கு, அந்த மேற்கின் உண்மையான திருமண வரலாறு வந்து சேரவில்லை. அவ்வரலாற்றில் இந்தியர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நிலத்தை உழுது பண்ணை நடத்திய பஞ்சாபிகளும், அவர்களை மணந்த மெக்சிகோ வழிக் கத்தோலிக்கப் பெண்களும் அந்தச் சட்டகத்துக்கு மிக அருகில் நிற்கும் உண்மை மனிதர்கள். அவர்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்குள்ள காரணம் ஒன்று. நாவலில் காதலுக்குத் தடை பெண்ணின் நெஞ்சுக்குள் இருக்கிறது. ஆவணங்களில் அத்தடை அரசு எழுத்தரின் மேசைமேல் இருக்கிறது. அந்த மேசை பம்பாயிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

*

முதலில் நிலம். கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் பாலை நிலம் இம்பீரியல் பள்ளத்தாக்கு. 1901இல் கொலராடோ ஆற்று நீர் கால்வாய் வழியாக அங்கே திருப்பிவிடப்பட்டது. 1905இல் அவ்வாறு கரையுடைத்துப் புகுந்து, 1907வரை அடங்காமல் பெருகியதால் உருவானதே இன்றைய சால்டன் ஏரி. இந்தப் புதுப் பாசன நிலத்துக்கு 1910 அளவில் பஞ்சாபிகள் வரத் தொடங்கினர். பெரும்பாலோர் ஜலந்தர், ஹோஷியார்பூர் முதலிய மாவட்டங்களின் சீக்கிய உழவர்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் ஓரளவு இருந்தனர். அமெரிக்கர்கள் எல்லோரையும் 'இந்து' என்றே அழைத்தனர். வடக்கே மர அறுவை ஆலைகளில் கூலி வேலை செய்தவர்கள், 1907இல் பெல்லிங்ஹாம் நகரில் வெள்ளையர் கும்பல் துரத்தியடித்ததைக் கண்டவர்கள், தெற்கே பருத்திக்கும் காய்கறிக்கும் இறங்கி வந்தனர். கால்வாய்ப் பாசனம் பஞ்சாபிக்குப் பழகிய தொழில்.

கலிபோர்னியாவில் 'ராஞ்ச்' என்றால் மாட்டுப் பண்ணை மட்டுமன்று. பருத்தியும் முலாம்பழமும் விளையும் தோட்ட நிலமும் 'ராஞ்ச்' தான். அச்சொல்லே ஸ்பானிய 'ராஞ்சோ'வின் திரிபு. கௌபாய் வீசும் 'லாசோ', அவனைக் குறிக்கும் 'பக்கரூ' ஆகியவையும் மெக்சிகோ மாட்டு வீரர்களின் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. ஆங்கில நாவல் தன் சொந்தக் காவியமாகக் கொண்டாடும் உலகத்தின் சொற்களஞ்சியம், அந்நாவலில் பெரும்பாலும் சமையற்கட்டில் மட்டும் தலைகாட்டும் மெக்சிகோ மக்களுடையது.

அடுத்து, பெண்கள். 1910இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. குடும்பங்கள் எல்லை கடந்து வந்து பருத்தி எடுப்பில் சேர்ந்தன. தாயும் பெண்மக்களும் ஒரே வயலில் வேலை செய்தனர். இளம்பெண்கள் துணையின்றி வெளியே செல்லாத, ஞானஸ்நானமும் முதல் நற்கருணையும் ஆண்டின் பெருநாள்களாக விளங்கிய கத்தோலிக்கக் குடும்பங்கள் இவை. ஆனால் 'வெளியுலகம் அறியாத பெண்' என்ற நாவல் அடைமொழி இவர்களுக்குப் பொருந்தாது. உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி, எல்லை கடந்து, கூலிக்குப் பருத்தி எடுத்தவர்களுக்கு உலகம் தெரியும். அவர்களிடம் இருந்தது பக்தி, இல்லாதிருந்தது புகலிடம்.

பஞ்சாபி ஆண்கள் ஏன் இவர்களை மணந்தனர்? பலருக்கு ஊரில் மனைவி இருந்தாள். ஆனால் 1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை மண்டலமாக்கியது. மனைவியை அழைத்துவர வழியில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர வழியில்லை. வெள்ளைப் பெண்ணை மணப்பதும் எளிதன்று. கலிபோர்னியாச் சட்டம் வெள்ளையர், கறுப்பினத்தவரையும் 'மங்கோலிய' இனத்தவரையும் மணப்பதைத் தடைசெய்தது. இந்தியர் எந்தப் பட்டியலில் வருவர் என்று சட்டம் சொல்லவில்லை. அதை முடிவு செய்தவர் திருமண உரிமம் வழங்கும் கவுண்டி எழுத்தர். எதிரே நிற்கும் இருவரின் தோல் நிறத்தை அவர் பார்ப்பார். ஒத்துப்போனால் படிவத்தில் இருவருக்கும் 'பழுப்பு' என்று எழுதி உரிமம் தருவார். காதலின் முதல் வாசகர் அந்த எழுத்தரே.

இவ்வாறு 1910களின் நடுவில் தொடங்கிய திருமணங்கள் சங்கிலியாக நீண்டன. கூட்டாகப் பண்ணை நடத்திய ஆண்கள் அக்காளையும் தங்கையையும் மணந்தனர். சில இடங்களில் தாயும் மகளும் கூட்டாளிகள் இருவரை மணந்தனர். மானிடவியலாளர் கேரன் லியோனார்ட், கவுண்டி ஆவணங்களையும் வாய்மொழி வரலாறுகளையும் கொண்டு 1992இல் வெளியிட்ட 'மேக்கிங் எத்னிக் சாய்சஸ்' என்னும் நூல், கலிபோர்னியாவில் இத்தகைய 400க்குச் சற்றுக் குறைவான இணையர்களை அடையாளம் காட்டுகிறது. மனைவியரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஸ்பானிய மொழி பேசும் பெண்கள். இத்துறையில் வேலை செய்யும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத நூல் அது.

*

நாவல் இந்த இடத்தில் முடியும். சட்ட வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

1913ஆம் ஆண்டு கலிபோர்னிய அந்நியர் நிலச் சட்டம், 'குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்' விளைநிலம் வாங்குவதைத் தடுத்தது. குத்தகையை மூன்றாண்டுக்குள் அடக்கியது. 1920இல் குத்தகையும் தடைசெய்யப்பட்டது. ஜப்பானியரைக் குறிவைத்த சட்டம் அது. இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியானவரா என்பதில் நீதிமன்றங்கள் மாறி மாறித் தீர்ப்பளித்து வந்ததால், பஞ்சாபிகள் அதன் விளிம்பில் தப்பி நின்றனர். 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தக் கதவை மூடியது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய திந்த், தாம் ஆரியர், ஆகவே காகேசியர் என்று வாதிட்டார். சாதாரண மனிதன் விளங்கிக்கொள்ளும் பொருளில் அவர் வெள்ளையர் அல்லர் என்றது நீதிமன்றம். உயர்சாதிப் பெருமையை இனச்சான்றாக அமெரிக்காவில் விற்க முயன்ற அந்த வாதம் தனியே ஆராயத்தக்கது. ஒரே தீர்ப்பில் இந்தியர் அனைவரும் நிலம் வைத்துக்கொள்ள முடியாதவர் ஆயினர்.

மனைவியின் பெயரில் நிலத்தை எழுதிவைத்தால் என்ன? நிலத்துக்காகவே பஞ்சாபிகள் மெக்சிகோப் பெண்களை மணந்தனர் என்ற கருத்து இன்றும் எழுதப்படுகிறது. அது ஆவணத்தோடு பொருந்தவில்லை. திருமணங்கள் 1923க்கு முன்பே தொடங்கிவிட்டன. மேலும் 1922ஆம் ஆண்டுக் கேபிள் சட்டப்படி, குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழப்பாள். அத்தகையவரின் மனைவியாக இருக்கும்வரை அந்நியப் பெண் ஒருத்தி குடியுரிமை பெறவும் முடியாது. 1931 வரை இந்நிலை நீடித்தது. கணவனின் குறைபாடு மனைவிக்குத் தொற்றியது. அவளுடைய தகுதி அவனுக்குச் சென்று சேரவில்லை. நாவலின் பண்ணையாளன் பெண்ணுக்குத் தருவது நிலமும் புகலிடமும். இங்கே பண்ணையாளனுக்குப் பட்டா இல்லை. அவனை மணந்த பெண்ணுக்கு நாடு இல்லை.

இருந்தும் விளைச்சல் நின்றுவிடவில்லை. வெள்ளை நிலவுடைமையாளர்களோடும் வங்கியாளர்களோடும் வாய்மொழி ஒப்பந்தங்கள் நடந்தன. அமெரிக்காவில் பிறந்ததால் குடிமக்களான குழந்தைகளின் பெயருக்குப் பிற்காலத்தில் நிலம் மாறியது. தொட்டிலில் கிடப்பவர் நிலக்கிழார். உழுகின்ற தந்தை சட்டத்தின் கண்ணில் கூலியாள்.

*

இனி, சமயம். நாவலின் கேள்வி இது: அவள் நம்பிக்கையைக் கைவிடுவாளா, அவன் மனம் திரும்புவானா? இம்பீரியல் பள்ளத்தாக்கின் விடை இரண்டும் அல்ல. பெண்கள் கத்தோலிக்கராகவே வாழ்ந்தனர். குழந்தைகள் பெரும்பாலும் தாயின் சமயத்தில் வளர்ந்தனர். தந்தையர் சீக்கியராகவோ முஸ்லிமாகவோ இந்துவாகவோ தொடர்ந்தனர். கத்தோலிக்க மரபில் குழந்தையின் ஞானத்தந்தை, பெற்றோருக்கு உடன்பிறவா உறவாகிறார். பஞ்சாபி நண்பர்கள் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத்தந்தையாக நின்றனர். கோயில் ஏடுகளில் சிலர் ஸ்பானியப் பெயரோடு பதிவாயினர். ஊரில் பங்காளி உறவு செய்த வேலையை இங்கே ஞான உறவு செய்தது. 1912இல் நிறுவப்பட்ட ஸ்டாக்டன் குருத்வாராவுக்கு இக்குடும்பங்கள் பயணம் சென்றன. வீட்டில் தோர்த்தியாவும் ரொட்டியும் ஒரே கல்லில் வெந்தன. ஆண்கள் ஆங்கிலத்தைவிட ஸ்பானியத்தை நன்கு கற்றனர். இறப்பில் மட்டும் வழிகள் பிரிந்தன: சீக்கியக் கணவருக்கு எரியூட்டல், மனைவிக்குக் கத்தோலிக்கக் கல்லறை.

இதை ஒரு நல்லிணக்கச் சித்திரமாகத் தீட்டிவிடுவது ஆய்வாளருக்கு எளிது, தவறும்கூட. மணமுறிவுகள் மிகுதியாக இருந்தன. கணவர் பலர் பத்து, இருபது ஆண்டு மூத்தவர்கள். அடி, உதை, சமையலிலும் செலவிலும் அதிகாரம் ஆகிய குற்றச்சாட்டுகள் மணவிலக்கு வழக்குகளில் பதிவாகியுள்ளன. ஆயினும் அந்த வழக்குகளைத் தொடுத்தவர்களில் பெண்களும் இருந்தனர் என்பதைக் கவனிக்கவேண்டும். பஞ்சாபிலிருந்த முதல் மனைவியருக்கு வழக்குமன்றம் ஏற வாய்ப்பே இல்லை. கடிதமும் பணமும் மட்டும் பெற்று வாழ்ந்த அந்தப் பெண்கள் இந்தக் காதல் வரலாற்றின் எழுதப்படாத பக்கம்.

நம்பிக்கை காதலுக்குத் தடை என்ற நாவல் விதியை முழுவதும் கவிழ்த்த நிகழ்வு இதே கலிபோர்னியாவில் 1948இல் நடந்தது. ஆண்ட்ரியா பெரெஸ் மெக்சிகோ வழிவந்தவர், சட்டப்படி 'வெள்ளையர்'. சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பினத்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி உரிமம் மறுத்தது. இருவரும் கத்தோலிக்கர். எங்கள் திருச்சபை எங்களை மணமுடிக்கத் தடை சொல்லவில்லை. அரசு தடுப்பது எங்கள் சமய உரிமையைப் பறிப்பது என்பது அவர்கள் தரப்பு வாதம். கலிபோர்னிய உச்சநீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் இனக் கலப்பு மணத் தடையை வீழ்த்தியது. நால்வரில் ஒருவரான நீதிபதி எட்மண்ட்ஸ், சமய உரிமையையே தம் முடிவுக்கு அடிப்படையாக்கினார். அந்த ஒரு வாக்கு இல்லையேல் தீர்ப்பு இல்லை. பக்தைப் பெண்ணின் சமயம் அவளைப் பூட்டிவைக்கவில்லை. எழுத்தரின் மேசையைத் திறந்த திறவுகோலாயிற்று.

பள்ளத்தாக்கின் கதையும் அதே காலத்தில் திரும்பியது. 1946ஆம் ஆண்டு லூஸ்–செல்லர் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமைத் தகுதியும் ஆண்டுக்கு 100 பேர் என்ற குடியேற்ற ஒதுக்கீடும் தந்தது. 1956 நவம்பர் தேர்தலில் கலிபோர்னிய மக்கள் அந்நியர் நிலச் சட்டத்தை வாக்களித்து நீக்கினர். அதே தேர்தலில் இம்பீரியல் பள்ளத்தாக்கு உழவரும் கணித முனைவருமான தலீப் சிங் சௌந்த், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசிய அமெரிக்கர் ஆனார். பின்னர் பஞ்சாபிலிருந்து குடும்பங்கள் நேராக வரத் தொடங்கியபோது, பழைய மெக்சிகோ மனைவியரும் கலப்புப் பிள்ளைகளும் குருத்வாராவில் ஒதுக்கப்பட்டனர். கதவு திறந்தவுடன் தூய்மை பேசும் குரலும் உள்ளே வந்தது.

*

இப்போது பம்பாய். பிரிட்டிஷ் இந்தியாவில் எழுத்தர் கேட்டது இனத்தையன்று, சமயத்தை. 1872ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் புரிய விரும்புவோர், தாம் இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி, பௌத்தர், சீக்கியர், சமணர், யூதர் எவரும் அல்லர் என்று உறுதிமொழி தரவேண்டும். சாதி கடந்து மணக்க விரும்பும் இரண்டு இந்துக்கள்கூட, தாங்கள் இந்துக்கள் அல்லர் என்று எழுதிக் கொடுத்த பிறகே கணவன் மனைவி ஆகலாம். ஹரி சிங் கௌர் முயன்று 1923இல் வந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண சமயத்தவர் தமக்குள் மணப்பதற்கு மட்டும் அந்த மறுப்பை நீக்கியது. முழு நீக்கம் 1954இல்தான். திந்த் தீர்ப்பும் கௌர் திருத்தமும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பது தற்செயல். ஆனால் இரு நாடுகளிலும் திருமணம் என்பது மக்கள்தொகையை வகைப்படுத்தும் கருவியாக விளங்கியது தற்செயலன்று.

1920இல் மதுரையில் பிறந்த, 16 வயதுப் பிராமணப் பெண்ணான ருக்மிணி தேவி, தம்மைவிட 25 வயது மூத்த ஆங்கிலேயரும் பிரம்மஞான சபையின் முன்னணியினருமான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். சென்னையில் எழுந்த கண்டனப் புயலுக்கு நடுவே திருமணம் நடந்த இடம் பம்பாய். சொந்த ஊரில் நடக்க இயலாத மணத்துக்கு ஒதுங்க இடம் தரும் நகரம் என்ற பம்பாயின் பங்கை இங்கே காண்கிறோம். 1928இல் அதே பம்பாயில் அவர் அன்னா பாவ்லோவாவின் நடனத்தைக் கண்டார். 1936இல் கலாக்ஷேத்ரா உருவானது. சமய நெறியில் பொத்தி வளர்க்கப்பட்ட பெண் தொலைவிலிருந்து வந்தவரை மணந்து வேறோர் உலகுக்குள் நுழைந்தார் என்று இதை நாவலாக்கிவிடலாம். அந்த வயது இடைவெளியும், ஒரு சமய நிறுவனத்தின் படிநிலைக்குள் எடுக்கப்பட்ட முடிவு என்ற உண்மையும் நாவலில் காணாமல் போகும். ஆய்வேட்டில் போகக்கூடாது.

உயர்குடியினருக்குப் பம்பாய் ஒதுங்க இடமாயிற்று, தாராவிக்கு? திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர்கள் அங்கே வேரூன்றிய காலத்தில், தமிழகத்தில் சுயமரியாதைத் திருமணங்கள் பரவின. 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்து அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்தார். புரோகிதரும் சடங்கும் இல்லாத அத்திருமணங்கள் செல்லாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் கூறியது. அண்ணா ஆட்சியில் வந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அவற்றைச் செல்லுபடியாக்கியது. ஆனால் அது தமிழ்நாட்டின் திருத்தம். மகாராஷ்டிரச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை. மாலை மாற்றி, உறுதிமொழி கூறி தாராவியில் மணம் செய்துகொள்ளும் இணையருக்கு அந்தச் சடங்கு மட்டும் சட்டக் காப்பாகாது. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளரிடம் செல்வதே அவர்களுக்கு உறுதியான வழி. அங்கே 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எதிர்ப்பும் தெரிவிக்கலாம். வீட்டாருக்கு அஞ்சி வந்தவர்களின் பெயரும் முகவரியும் சுவரில் ஒரு மாதம் நிற்கும். 2022 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு, சமயம் கடந்த திருமணங்களின் விவரங்களைத் திரட்டுவதற்கு மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. தோல் நிறத்தை உற்றுப்பார்த்த இம்பீரியல் கவுண்டி எழுத்தருக்கும் இந்த அறிவிப்புப் பலகைக்கும் இடையில் நூறு ஆண்டு இருக்கிறது. கேள்வி அதிகம் மாறவில்லை.

மும்பைத் தமிழர் வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பற்றிய நம் ஆய்வுகள் தொழில், குடியிருப்பு, சங்கங்கள், தேர்தல் என்று சேர்ந்திருக்கின்றன. திருமணப் பதிவேடு, ஞானஸ்நான ஏடு, பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகம், சங்கங்கள் நடத்திய சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றை அடுக்கிப் படிக்கும் வேலை பெரிதும் எஞ்சியிருக்கிறது. கோலிப் பெண்ணையோ, கன்னட, மராட்டிய, உத்தரப்பிரதேசக் குடும்பத்துப் பிள்ளையையோ மணந்த தமிழர்கள் எந்தப் பெயரில், எந்தச் சமயத்தில், எந்த மொழியில் பதிவாயினர் என்பதை அந்த ஏடுகளில் பார்க்கலாம். லியோனார்ட் செய்தது இதைத்தான்: படிவத்தில் எழுத்தர் நிரப்பிய ஒரு சொல்லையும், அதே வீட்டுப் பாட்டி சொன்ன கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நம் பாட்டிகளில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். தாராவி இடிபட்டு மறுகட்டமைப்புக்குத் தயாராகும் இவ்வேளையில், அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலுள்ள தாள்கள் எத்தனை காலம் இருக்கும் என்பது வேறு கேள்வி. தகுதிச் சான்றுக்காக அரசு அத்தாள்களைக் கேட்கும்போது, வரலாற்றுக்காக நாமும் ஒரு படி கேட்டு வைத்துக்கொள்வோம்.